அட்வான்ஸ் யாருடைய பணம்? விவேக் நகரை முன்வைத்து வாடகை வீட்டு முதலீடு குறித்து ஓர் ஆய்வு

1. கேள்வி

பெங்களூரில் வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும்: வாடகைக்கு முன்பே அட்வான்ஸ் கையைக் கடிக்கும். பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுப்பது இந்நகரில் நெடுங்காலம் எழுதாத சட்டமாக இருந்தது. இப்போது சில இடங்களில் ஐந்து, ஆறு மாதமாக இறங்கியிருக்கிறது. இந்தத் தொகையைப் பற்றி, கொடுக்கிறவர்கள் நிறையப் பேசியிருக்கிறார்கள். அதை வாங்கி வைத்துக்கொள்கிறவர்கள் யோசித்தது குறைவு.

வாடகைக்கு விடுவதற்கென்றே முதன்முறையாக வீடு வாங்கவோ கட்டவோ நினைக்கும் ஒருவர் வழக்கமாக மூன்று கேள்விகள் கேட்பார். மாதம் எவ்வளவு வாடகை வரும்? விலை ஏறுமா? பத்திரம் சரியாக இருக்கிறதா? மூன்றும் தேவையானவையே. ஆனால் இவற்றுக்கு முன்னால் நான்காவதாக ஒரு கேள்வி நிற்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். இந்த முதலீடு யாருடைய பணத்தின்மேல் நிற்கிறது, அந்தப் பணத்தை எப்போது, எப்படித் திருப்பித் தர வேண்டியிருக்கும்? விவேக் நகரையும் அதைச் சுற்றியுள்ள பகுதிகளையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை ஆராய்வோம்.

2. இடமும் வீடுகளும்

விவேக் நகரைப் பெரும்பாலோர் குழந்தை யேசு திருத்தலத்தால் அறிவார்கள். வியாழக்கிழமைகளில் அங்கே கூடும் கூட்டத்தில் எல்லா மதத்தவரும் உண்டு. தமிழ் ஒலிக்காத நேரம் இல்லை. ஒரு பக்கம் ஆஸ்டின் டவுன், நீலசந்திரா. மறுபக்கம் ஈஜிபுரா, அதைத் தாண்டினால் கோரமங்களா. பழைய கண்டோன்மெண்டின் விளிம்பில் வளர்ந்த உழைப்பாளர் குடியிருப்புகளுக்கும், தகவல் தொழில்நுட்பக் காலத்தின் செல்வம் குவிந்த கோரமங்களாவுக்கும் நடுவே இருக்கிறது இந்தப் பகுதி. வாடகைக்கு இங்கே தேவை குறையாமல் இருப்பதன் காரணமும் இந்த இடைநிலைதான். கோரமங்களாவில் வேலை பார்ப்பவருக்கு அங்கே குடியிருக்கக் கட்டுப்படியாகாதபோது இங்கே வந்து வீடு தேடுகிறார்.

இப்பகுதியின் வாடகை வீட்டுக்கு ஒரு பொதுவான உருவம் இருக்கிறது. 20க்கு 30 அடி மனை. தரைத்தளத்தில் இரண்டு சக்கர வண்டிகள் நிற்கும் இடமும் ஒரு சிறிய வீடும். மேலே மாடிக்கு ஒன்றோ இரண்டோ குடித்தனம். ஏதாவது ஒரு தளத்தில் வீட்டுக்காரரே குடியிருப்பார். வாசலில் சம்ப் எனப்படும் நிலத்தடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி, அதற்கு மேலே சுவரில் மோட்டார் சுவிட்ச். மாடிப்படிக்குக் கீழே மின்மீட்டர்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் அடியில் பெயின்டால் எழுதிய எண். வீடு பார்க்கப் போகிற முதலீட்டாளர் ஹாலையும் சமையலறையையும் பார்ப்பதற்கு முன்னால் இந்தப் படிக்கட்டின் அடியில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். குடித்தனங்களின் எண்ணிக்கையும் மீட்டர்களின் எண்ணிக்கையும் ஒத்துப்போகவில்லை என்றால், அனுமதி பெறாமல் தடுத்துப் பிரித்த அறைகளோ பின்னாளில் ஏற்றிய மாடியோ அந்தக் கட்டடத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.

மீட்டருக்கு வேறொரு முக்கியத்துவமும் வந்திருக்கிறது. கர்நாடக அரசு 2023இல் தொடங்கிய கிருஹ ஜோதி திட்டத்தில் மாதம் 200 யூனிட் வரை கட்டணமில்லா மின்சாரம் வாடகைக்கு இருப்பவர்களுக்கும் கிடைக்கிறது. தனி மீட்டர் இல்லாத வீட்டில் குடியிருப்பவருக்கு அந்தச் சலுகை எட்டுவதில்லை. ஆகவே தனி மீட்டர் உள்ள வீடு எளிதில் ஆள் பிடிக்கும்.

3. இதுவரையிலான புரிதல்கள்

வாடகை வீட்டைப் பற்றி நம்மிடையே மூன்று பார்வைகள் இருக்கின்றன.

முதலாவது, குடும்பங்களின் பார்வை. வாடகை என்பது பென்ஷன் மாதிரி. வயதான காலத்தில் யாரையும் எதிர்பார்க்காமல் வாழ வழி. பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில், குறிப்பாகத் தொழிற்சாலைகளிலும் சிறுதொழில்களிலும் உழைத்து ஓய்வு பெற்றவர்களிடம், இந்த நம்பிக்கை ஆழமானது. பிராவிடண்ட் ஃபண்டும் கிராஜுவிட்டியும் கைக்கு வந்ததும் மாடி ஏற்றிய குடும்பங்கள் எத்தனையோ. இந்தப் பார்வையை எளிதாகத் தள்ள முடியாது. விலைவாசியோடு சேர்ந்து ஏறும் வருமானம், சொந்த வீட்டிலேயே குடியிருப்பு, மேற்பார்வைக்குத் தனிச் செலவு இல்லை ஆகிய மூன்றும் அதில் உண்மையாகவே கிடைக்கின்றன.

இரண்டாவது, நிதி ஆலோசகர்களின் பார்வை. இந்தியப் பெருநகரங்களில் குடியிருப்பு வீட்டின் ஆண்டு வாடகை பெரும்பாலும் அதன் விலையில் இரண்டு முதல் நான்கு சதவீதத்துக்குள் அடங்கிவிடுகிறது. வங்கி வைப்புநிதிகூட அதைவிட அதிகம் தரும். எனவே வாடகைக்காக வீடு வாங்குவது கணக்குத் தெரியாதவர் செய்யும் வேலை என்பது இவர்கள் தீர்ப்பு. கணக்கு சரி. ஆனால் வீடு முழுவதையும் இன்றைய சந்தை விலைக்கு வாங்குகிறவரை மட்டுமே இது மனதில் வைக்கிறது.

மூன்றாவது, ஆய்வாளர்களின் பார்வை. பெங்களூரையும் சூரத்தையும் ஒப்பிட்டு ஏழைகளின் வாடகைச் சந்தையை ஆராய்ந்த சுனில் குமார், வீட்டுக்காரர் என்ற சொல்லுக்குள் பலவகை மனிதர்கள் இருப்பதைக் காட்டினார். பிழைப்புக்காக ஓர் அறையை விடுபவர் ஒருவகை; வந்த வாடகையை மேலும் வீடுகளில் போட்டுப் பெருக்குகிறவர் இன்னொருவகை. இருவருடைய நோக்கமும் அபாயமும் வேறு வேறு. ஜானகி நாயர், சாலமன் பெஞ்சமின் ஆகியோர் பெங்களூரைப் பற்றி எழுதியவை, இந்நகரின் பெரும்பகுதி திட்ட வரைபடத்துக்கு வெளியே, சிறு உடைமைகளாகவும் படிப்படியான கட்டுமானங்களாகவும் வளர்ந்தது என்பதை உணர்த்துகின்றன. ‘வீட்டுக்காரர்’ என்று ஒரே சொல்லில் அடக்கி அறிவுரை சொல்ல முடியாது என்பதே இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

மூன்று பார்வைகளும் வாடகையை மையமாக வைக்கின்றன. குடித்தனக்காரர் வீட்டுக்காரரிடம் ஒப்படைக்கும் மொத்தத் தொகை மூன்றிலும் ஓரமாகவே நிற்கிறது. அந்த இடைவெளியைப் பின்னால் எடுத்துக்கொள்வோம். முதலில் வாடகைக் கணக்கு.

4. வாடகைக் கணக்கு: இரண்டு மாதிரிகள்

கீழே வரும் தொகைகள் கணக்கைப் புரிந்துகொள்வதற்காக வைத்துக்கொண்டவை. வாசகர் தம் கையிலுள்ள உண்மைத் தொகைகளைப் போட்டு மாற்றிப் பார்க்கலாம்.

முதல் மாதிரி: 80 லட்ச ரூபாய்க்கு இரண்டு படுக்கையறை அடுக்ககம் ஒன்றை வாங்குகிறார் ஒருவர். கர்நாடகத்தில் 45 லட்சத்துக்கு மேற்பட்ட வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 5 சதவீதம், அதன்மேல் செஸ், சர்சார்ஜ்; பதிவுக் கட்டணம் 2025 ஆகஸ்ட் 31 முதல் 1 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாக உயர்ந்திருக்கிறது. எல்லாம் சேர்த்து 7.6 சதவீதம், அதாவது சுமார் 6 லட்சம். ஆக முதலீடு 86 லட்சம். மாத வாடகை 25,000. ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாக இருக்கும் என்று வைத்தால் கைக்கு வருவது 2,75,000. சொத்து வரி, பெயின்ட், பழுது, புரோக்கருக்குக் கொடுக்கும் ஒரு மாத வாடகை ஆகியவற்றுக்கு 60,000 கழித்தால் மிஞ்சுவது 2,15,000. முதலீட்டில் இது இரண்டரை சதவீதம்.

இதே வீட்டுக்கு 60 லட்சம் வங்கிக் கடன் வாங்கியிருந்தால், 8.5 சதவீத வட்டியில் 20 ஆண்டுக்கு மாதத் தவணை சுமார் 52,000 ரூபாய். வாடகை அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. ‘வாடகையே தவணையைக் கட்டிவிடும்’ என்று விற்பனையாளர்கள் சொல்லும் வாக்கியத்தை இந்த இரண்டு எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தால் போதும்.

வருமான வரி இதை ஓரளவு தணிக்கும் என்ற நம்பிக்கையும் இருக்கிறது. வாடகையிலிருந்து, கட்டிய சொத்து வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதத்தைப் பராமரிப்புக்கென்று பில் இல்லாமலே கழித்துக்கொள்ளலாம். கடன் வட்டியையும் கழிக்கலாம். அப்படிக் கழித்து வரும் நட்டத்தைச் சம்பளத்தோடு ஈடுகட்டும் வசதி பழைய வரிமுறையில் ஆண்டுக்கு 2 லட்சம் வரைதான். புதிய வரிமுறையைத் தேர்ந்தவருக்கு அதுவும் இல்லை. ‘வரி மிச்சமாகும்’ என்பதற்காகக் கடனில் இரண்டாவது வீடு வாங்கும் பழைய தர்க்கம் இதனால் பெருமளவு வலுவிழந்துவிட்டது.

இரண்டாவது மாதிரி: பெற்றோர் காலத்து 600 சதுர அடி மனை ஒருவரிடம் இருக்கிறது. அதில் தளத்துக்கு 450 சதுர அடியாக மூன்று தளம் கட்ட 30 லட்சம் செலவு. மூன்று வீடும் தலா 13,000 வாடகை. ஆண்டுக்குப் பதினொரு மாத வாடகை 4,29,000. செலவு 50,000 போக 3,79,000. போட்ட 30 லட்சத்துக்கு இது பன்னிரண்டரை சதவீதம். மிக நல்ல முதலீடு என்று தோன்றும். ஆனால் மனைக்குச் சதுர அடி 12,000 என்று விலை வைத்து 72 லட்சத்தைச் சேர்த்தால் வருமானம் 3.7 சதவீதமாகச் சுருங்கிவிடுகிறது.

இரண்டு மாதிரிகளையும் சேர்த்துப் பார்த்தால் உண்மை தெளிவாகிறது. நம் கண்முன்னே வாடகையால் நன்றாக வாழும் வீட்டுக்காரர்களின் செழிப்பு பெரும்பாலும் வாடகையிலிருந்து வந்ததல்ல. மலிவாக இருந்த காலத்தில் கைக்கு வந்த நிலத்திலிருந்து வந்தது. அவர்களைப் பார்த்து இன்றைய விலையில் வாங்குகிறவர் அவர்களுடைய வாடகையை மட்டும் பெறுவார். அவர்களுடைய நிலவிலையைப் பெற முடியாது.

5. அட்வான்ஸும் லீஸும்

இனி நான்காவது கேள்விக்கு வருவோம். மாத வாடகை இல்லாமல், ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டு இரண்டு, மூன்று ஆண்டு குடியிருந்து, காலி செய்யும்போது அந்தத் தொகையை வட்டியின்றித் திரும்பப் பெறும் முறை பெங்களூரில் பரவலாக இருக்கிறது. தமிழர்கள் இதை ‘லீஸுக்கு விடுவது’ என்பார்கள்; போக்கியம் என்ற பழைய சொல்லும் வழக்கில் உண்டு. தமிழ்நாட்டின் ஒத்தி இதன் நெருங்கிய உறவு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தில் அனுபவ அடமானம் என்ற வடிவம் இருக்கிறது. வட்டிக்குப் பதில் சொத்தின் அனுபவத்தைக் கொடுப்பது அதன் சாரம். அடமானத்தை முறைப்படி பதிவு செய்ய வேண்டும். நடைமுறையில் பெரும்பாலான லீஸ்கள் ஒரு முத்திரைத்தாளில் எழுதி, இரண்டு சாட்சிக் கையெழுத்தோடு முடிந்துவிடுகின்றன.

லீஸ் தொகையைப் பல வீட்டுக்காரர்கள் ‘கைக்கு வந்த பணம்’ என்றே நினைக்கிறார்கள். கணக்குப் போட்டால் வேறு படம் வரும். மாதம் 15,000 வாடகை வரக்கூடிய வீட்டை 12 லட்சத்துக்கு லீஸுக்கு விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் விட்டுக்கொடுக்கும் வாடகை ஆண்டுக்கு 1,80,000. அதாவது 12 லட்சம் கடனுக்கு 15 சதவீத வட்டி கட்டுகிறார். அந்தத் தொகையை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டால் வருவது 84,000 மட்டுமே. வீட்டுக் கடன் 9 சதவீதத்துக்குள் கிடைக்கும் காலத்தில் 15 சதவீதத்துக்கு ஏன் ஒருவர் கடன் வாங்க வேண்டும்?

பதில் எளியது. வங்கி தராத இடத்தில் குடித்தனக்காரர் தருகிறார். காகிதம் முழுமையாக இல்லாத மனை, அனுமதிக்கு மேல் எழுப்பிய தளம், வருமானச் சான்று இல்லாத சிறுதொழில், திடீரென வந்த கல்யாணம் அல்லது மருத்துவச் செலவு என இவற்றுக்கெல்லாம் லீஸ் பணம் உடனே உதவுகிறது. பல கட்டடங்களில் மேல்தளத்தைக் கட்டிய பணம் கீழ்த்தளத்தில் குடியிருப்பவருடையது. இதில் இழிவு எதுவும் இல்லை. ஆனால் அது கடன் என்பதை மறந்தால் ஆபத்து.

அந்த ஆபத்து வெளிப்படுவது குடித்தனக்காரர் காலி செய்யும் நாளில். வாங்கிய தொகை செலவாகியிருக்கும். புதிதாக லீஸுக்கு வருபவர் கொடுக்கும் பணத்தில்தான் பழையவருக்குத் திருப்ப முடியும். ‘அடுத்த பார்ட்டி வரட்டும்மா, வந்ததும் செட்டில் பண்ணிடறேன்’ என்று வீட்டுக்காரர் சொல்வதும், ‘ஸ்கூல் திறக்கிறதுக்குள்ள போகணும்ணா, அங்க அட்வான்ஸ் கட்டணும்’ என்று குடித்தனக்காரர் கெஞ்சுவதும் இந்நகரில் பழகிப்போன உரையாடல். லீஸ் தொகை ஏறிக்கொண்டே இருக்கும்வரை சங்கிலி அறுவதில்லை. தேக்கம் வந்தால் முதல் கண்ணி கடைசியாக வந்த குடித்தனக்காரரின் கழுத்தை இறுக்கும்.

தென் கொரியாவில் ஜொன்சே என்ற பெயரில் இதே முறை நாடு தழுவிய அளவில் இருக்கிறது. வீட்டு விலையில் பாதிக்கு மேற்பட்ட தொகையை வைப்பாகக் கொடுத்து மாத வாடகை இன்றிக் குடியிருப்பார்கள். 2022க்குப் பிறகு வீட்டு விலையும் வைப்புத் தொகையும் சரிந்தபோது, குடித்தனக்காரர்களின் பணத்தைக் கொண்டே வீடு வீடாக வாங்கிக் குவித்திருந்தவர்களால் திருப்பித் தர இயலவில்லை. ஏமாற்றப்பட்டவர்களைக் காக்க அந்நாடு 2023இல் தனிச் சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. பெங்களூரிலும் இடைத்தரகு நிறுவனங்கள் குடித்தனக்காரரிடம் லீஸ் தொகையை மொத்தமாக வாங்கிக்கொண்டு, வீட்டுக்காரருக்கு மாத வாடகை தருவதாகச் சொல்லி, சில மாதத்தில் நிறுத்திவிட்ட புகார்கள் காவல்துறைக்கு வந்திருக்கின்றன. அத்தகைய ஏற்பாட்டில் வீட்டுக்காரர் பார்த்தே இராத பணத்துக்காக, அவருடைய வீட்டுக்குள் ஒரு குடும்பம் போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் நிற்கும்.

வீட்டுக்காரர் வங்கிக் கடனைக் கட்டத் தவறினால் நிலைமை இன்னும் கடினம். பதிவு செய்யாத ஒப்பந்தத்தை நம்பி இருக்கும் குடித்தனக்காரருக்கு, வங்கி வீட்டைக் கைப்பற்றும்போது நீண்ட காலப் பாதுகாப்பு கிடையாது என்பதை உச்ச நீதிமன்றம் 2019இல் ஒரு தீர்ப்பில் தெளிவாக்கியது. அதோடு, 2017 முதல் 2 லட்சம் ரூபாயும் அதற்கு மேலும் ஒருவரிடமிருந்து ரொக்கமாகப் பெறுவது வருமான வரிச் சட்டப்படி தடை. மீறினால் பெற்ற தொகைக்குச் சமமான அபராதம் வரை விதிக்கலாம். லீஸ் தொகையை ரொக்கமாகக் கேட்கும் பழக்கம் அதை வாங்குகிறவருக்கே கண்ணிவெடி.

6. சட்டம் எங்கே நிற்கிறது

கர்நாடக வாடகைச் சட்டம் 1999இல் இயற்றப்பட்டு 2001 டிசம்பர் 31 முதல் நடைமுறைக்கு வந்தது. பெங்களூரில் மாதம் 3,500 ரூபாய்க்கு மேற்பட்ட வாடகை வீடுகளை அது தன் எல்லைக்கு வெளியே நிறுத்தியது. இன்றைய விவேக் நகரில் ஓர் அறை, ஒரு சமையலறை கொண்ட வீடுகூட அந்த எல்லையைத் தாண்டிவிடும். ஆகவே இங்குள்ள வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் இடையிலான உறவைப் பெரும்பாலும் 1882ஆம் ஆண்டுச் சட்டமும், இருவரும் எழுதிக்கொண்ட ஒப்பந்தமுமே ஆள்கின்றன. ஒப்பந்தத்தில் வேறு ஏதும் இல்லாத மாத வாடகை உறவை முடிக்க அந்தச் சட்டம் கேட்பது 15 நாள் முன்னறிவிப்பு. அதன்பிறகும் காலி செய்யாதவரை வெளியேற்ற உரிமையியல் நீதிமன்றம்தான் வழி. தண்ணீரை நிறுத்துவதும் பூட்டை மாற்றுவதும் வழக்கில் வீட்டுக்காரரையே பலவீனமாக்கும்.

பதினொரு மாத ஒப்பந்தம் ஏன் என்று புதியவர்கள் கேட்பார்கள். ஆண்டுக்கணக்கிலோ ஓராண்டுக்கு மேற்பட்டோ போடும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும் என்று சட்டம் சொல்வதால், அந்தச் செலவைத் தவிர்க்கப் பிறந்த வழக்கம் அது. சாதாரண வாடகைக்கு அது போதும். பல லட்சம் லீஸ் தொகை கைமாறும் இடத்தில் அது போதவே போதாது.

அட்வான்ஸுக்கு வரம்பு வேண்டும் என்ற எண்ணம் சட்ட உலகில் வலுப்பெற்று வருகிறது. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கு இரண்டு மாத வாடகையை உச்சவரம்பாகச் சொன்னது. அது மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் மூன்று மாத வாடகையை அளவுகோலாக வைத்தது. பெங்களூரின் பத்து மாதப் பழக்கம் என்றைக்கும் இப்படியே நீடிக்கும் என்று எண்ணி ஒருவர் தம் முதலீட்டை அமைத்துக்கொள்ளக் கூடாது. பத்து மாத அட்வான்ஸை மற்றொரு வீட்டின் முன்பணமாகப் போட்டவர், ஒரு சட்டத் திருத்தத்தாலோ சந்தை மாற்றத்தாலோ அதில் ஆறு மாதத் தொகையைத் திருப்பித் தர வேண்டிய நிலைக்கு வரலாம்.

7. காகிதமும் தண்ணீரும்

பத்திரத்தைப் பார்ப்பது எப்படி என்று ஏராளமானோர் எழுதியிருக்கிறார்கள். வாடகைக்கு விடுகிறவருக்குத் தனிப்பட்ட முக்கியத்துவம் உடைய சிலவற்றை மட்டும் இங்கே சொல்கிறேன்.

தாய்ப் பத்திரம், வில்லங்கச் சான்று, காத்தா எனப்படும் மாநகராட்சிச் சொத்துப் பதிவு மூன்றும் அடிப்படை. பெங்களூரில் முறையான அனுமதி பெற்ற சொத்துகள் ஏ பதிவேட்டிலும், குறை உள்ளவை வரி வசூலுக்காக மட்டும் பி பதிவேட்டிலும் இடம்பெற்றன. பி காத்தா உள்ள வீட்டுக்கும் வாடகை வரும். வங்கிக் கடன் எளிதில் வராது. அதனாலேயே அத்தகைய கட்டடங்கள் லீஸ் பணத்தை அதிகம் சார்ந்திருக்கின்றன. 2024 அக்டோபர் முதல் பத்திரப் பதிவுக்கு இ-காத்தா கட்டாயமாகியிருக்கிறது. 2025இல் மாநகராட்சி நிர்வாகமே பெரு பெங்களூரு ஆணையமாகவும் ஐந்து மாநகராட்சிகளாகவும் மாறியிருப்பதால், பழைய ரசீதுகளில் உள்ள விவரம் புதிய பதிவில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது இப்போது கூடுதல் வேலை.

சொத்து வரியில் புதியவர்கள் செய்யும் தவறு ஒன்று உண்டு. பெங்களூரில் வாடகைக்கு விட்ட வீட்டுக்கான வரிவிகிதம், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டைப் போல இரண்டு மடங்காக வைக்கப்பட்டிருந்தது. வாங்கிய வீட்டின் பழைய படிவத்தையே தொடர்ந்து நிரப்பினால், அது தவறான தகவலாகி நிலுவையும் அபராதமும் சேர்ந்துவிடும்.

கட்டட அனுமதியை அலட்சியப்படுத்துவது உயிருக்கே உலை வைக்கும். 2021 செப்டம்பரில், விவேக் நகருக்கு அதிக தூரமில்லாத லக்கசந்திராவில், மெட்ரோ ரயில் பணியாளர்கள் தங்கியிருந்த பழைய கட்டடம் ஒன்று இடிந்து விழுந்தது. முன்கூட்டியே வெளியேறியதால் அவர்கள் தப்பினார்கள். வாடகை தரும் கட்டடத்தின் தூணும் அடித்தளமும் வீட்டுக்காரரின் பொறுப்பு. கூடுதல் மாடியில் வரும் சில ஆயிரம் ரூபாய் வாடகைக்கு அந்தப் பொறுப்பைப் பணயம் வைக்கக் கூடாது.

தண்ணீர் இன்னொரு சோதனை. 2024 கோடையில் ஆழ்துளைக் கிணறுகள் வற்றிய பகுதிகளில் டேங்கர் லாரிகளை நம்பிய கட்டடங்கள் பட்ட பாட்டை பெங்களூர் மறந்திருக்காது. காவிரி இணைப்பு இருக்கிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, சம்ப் எத்தனை லிட்டர் பிடிக்கும் என்று கேட்பது வீட்டின் விலையைக் கேட்பதற்குச் சமமான கேள்வி. மாடியில் உள்ள குடித்தனங்களின் எண்ணிக்கைக்கு அந்தச் சம்ப் போதவில்லை என்றால், வாடகையிலிருந்து டேங்கருக்குப் போகும் பணத்தை இப்போதே கழித்துவிட வேண்டும்.

காகிதத்துக்கும் மனிதர்களுக்கும் உள்ள தொடர்பை ஈஜிபுரா நினைவுபடுத்துகிறது. அங்கே பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கான குடியிருப்பு இருந்த இடத்தில் 2013 ஜனவரியில் வீடுகளை இடித்தபோது, அசல் ஒதுக்கீட்டாளர் பட்டியலில் இருந்தவர்கள், இல்லாதவர்கள் என்ற பாகுபாடே யாருடைய உரிமை மதிக்கப்படும் என்பதைத் தீர்மானித்தது. வாடகைக்கு வந்து வாழ்ந்தவர்களுக்கு ஆதாரம் காட்டக் காகிதம் இருக்கவில்லை. வீட்டுக்காரர் எழுதித் தரும் ஒப்பந்தமும் ரசீதும் எளிய மனிதருக்கு எவ்வளவு பெரிய துணை என்பதை, வாங்குவோர் அங்கிருந்து கற்றுக்கொள்ளலாம்.

8. எதிர்வாதங்கள்

‘வாடகை குறைவாக இருந்தாலும் விலை ஏற்றத்தில் சரியாகிவிடும்’ என்பது வலுவான எதிர்வாதம். கோரமங்களாவை ஒட்டிய பகுதியில் நிலவிலை நீண்ட கால அளவில் ஏறியிருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் அது நிலத்துக்குப் பொருந்தும் வாதம். அடுக்ககத்தில் வாங்குகிறவருக்குக் கிடைப்பது நிலத்தின் சிறு பங்கும் ஆண்டுக்கு ஆண்டு பழையதாகும் கட்டடமும். தவிர, விலை ஏற்றம் விற்கும் நாளில்தான் பணமாகும். தவணையும் சம்ப் மோட்டாரும் ஒவ்வொரு மாதமும் பணம் கேட்கும்.

‘அட்வான்ஸ் இல்லாவிட்டால் வாடகை பாக்கி, சேதம் ஆகியவற்றுக்கு என்ன பாதுகாப்பு?’ என்பது இரண்டாவது. நியாயமான கேள்வி. பாதுகாப்புக்கு அட்வான்ஸ் வேண்டும். ஆனால் பாதுகாப்புக்காக வாங்கிய தொகையைச் செலவழித்துவிட்டால் அது பாதுகாப்பாக நிற்பதில்லை. காலி செய்யும் நாளில் ‘பெயின்டுக்கு ஒரு மாச வாடகை பிடிச்சுக்கறேன்’ என்று சொல்லும் வழக்கத்தையும் இங்கே மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஐந்து ஆண்டு குடியிருந்தவரிடம் சுவர் மங்கியதற்குப் பணம் பிடிப்பது சேதத்துக்கான ஈடாகாது. அது வழக்கமான தேய்மானம், வாடகைக்குள் அடங்கியது. எதைப் பிடிப்போம், எதைப் பிடிக்க மாட்டோம் என்பதை நுழையும் நாளிலேயே எழுதி, சுவர்களின் புகைப்படத்தோடு வைத்துக்கொண்டால் சண்டையில் பாதி குறையும்.

‘நமக்கு ஏற்ற குடும்பங்களுக்கு மட்டும் விட்டால் பிரச்சினை வராது’ என்பது மூன்றாவது. சாதி, மதம், உணவு, திருமணமாகாதவர் என்று வடிகட்டுவதை இப்படி நாகரிகமாகச் சொல்கிறார்கள். அறத்தின்படி இது தவறு. கணக்கின்படியும் இது நட்டம். வீடு ஒரு மாதம் கூடுதலாகக் காலியாக இருந்தால் ஆண்டு வருமானத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு போகிறது. வியாழக்கிழமை எல்லோரும் ஒன்றாக வரிசையில் நிற்கும் ஊரில் ‘டூ லெட்’ பலகைக்குப் பின்னால் மட்டும் பிரிவினை இருப்பது நமக்குப் பெருமை தராது.

9. முடிவு

சான்றுகளைத் தொகுத்தால் தீர்ப்பு இதுதான். இன்றைய விலையில், பெரும்பகுதி கடன் வாங்கி, வாடகையை நம்பி விவேக் நகர் போன்ற பகுதியில் அடுக்ககம் வாங்குவது தொடக்கக்காரருக்கு ஏற்ற முதலீடு அல்ல. ஏற்கெனவே உள்ள சொந்த மனையில், அனுமதிக்குள், தனித்தனி மீட்டரோடு சிறிய வீடுகள் கட்டி அங்கேயே குடியிருந்து வாடகைக்கு விடுவது இன்னும் பொருள் உள்ள வழி. லீஸ் தொகையைக் கொண்டு மாடி ஏற்றுவதோ மற்றொரு வீடு வாங்குவதோ 15 சதவீத வட்டிக் கடனில் வீடு கட்டுவதற்குச் சமம்.

வாடகைக்கு வீடு விட நினைக்கும் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு வேண்டுகோள். வாங்கும் அட்வான்ஸை வங்கியில் தனிக் கணக்கில் போடுங்கள்; அந்தப் பாஸ்புக்கில் குடித்தனக்காரரின் பெயரைப் பென்சிலாலாவது எழுதி வையுங்கள். அவர் சாவியைத் திருப்பிக் கொடுக்கும் அன்றே அந்தப் பணத்தைக் கொடுக்க முடியாது என்ற நிலை இருந்தால், அந்த வீட்டை வாங்க உங்களிடம் இன்னும் பணம் சேரவில்லை என்றே பொருள்.